சுடரில்லா ஆக்சிஜனேற்றம்: மீத்தேன் உண்ணும் உயிரும் செம்பேந்திய கல்லும்

காற்றில் மீத்தேன் குறைந்தது 5 விழுக்காடாவது இருந்தால்தான் அதில் சுடர் பரவும். நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்ட வழியே வெளியேறும் காற்றில் அது பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மாட்டுக் கொட்டிலில் அதைவிடப் பல மடங்கு குறைவு. திறந்த வெளியிலோ பத்து லட்சத்தில் ஏறக்குறைய இரண்டே பங்கு. கால்நடை, நெல்வயல், குப்பைமேடு, சுரங்கக் காற்று ஆகியவற்றிலிருந்து நாள்தோறும் கசியும் மீத்தேனில் பெரும்பகுதி இப்படி நெருப்புக்கு எட்டாத அளவு நீர்த்தே வெளிவருகிறது. முதல் 20 ஆண்டுகளை மட்டும் கணக்கில் கொண்டால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. ஆகவே, எரிக்க முடியாத மீத்தேனை எரிக்காமலே கார்பன் டை ஆக்சைடாக்குவது எப்படி என்ற கேள்வி இன்று கனம் பெற்றிருக்கிறது.

இந்த வேலை தெரிந்தவை இரண்டு. ஒன்று மிகப் பழையது: மீத்தேனை உணவாகக் கொள்ளும் பாக்டீரியா. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நிக்கோலாஸ் சோங்கன் 1906இல் முதன்முதலாக அதைப் பிரித்தெடுத்தார். மற்றது மிகப் புதியது: செம்பு அயனிகளைத் தன் நுண்துளைகளில் ஏந்திய சியோலைட் என்னும் கல். மீத்தேனின் பிணைப்பைத் திறக்க அதனால் முடியும் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே 99 ஆண்டுகள். ஒன்று சேற்றில் வளர்வது, மற்றது சூளையில் பதப்படுத்தப்படுவது. ஒன்றுக்குப் பெரும்பாலும் 30 டிகிரி அளவு வெப்பமே இதமானது, மற்றதற்கு 300 டிகிரி தேவைப்படுகிறது. இவ்வளவு விலகி நிற்கும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேற்றுமைகளின் அடியில் எதிர்பாராத ஒரு குடும்பச் சாயல் தென்படுகிறது. அந்தச் சாயல் எதுவரை செல்கிறது, எங்கே முறிகிறது என்பதைப் பார்த்தால், எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதும் விளங்கும்.

முதல் ஹைட்ரஜன்

மீத்தேனின் பிடிவாதம் அதன் முதல் பிணைப்பில் இருக்கிறது. நான்கு ஹைட்ரஜன்களும் சமச்சீராக நிற்கின்றன. மின்னேற்றம் ஒருபுறம் கூடி மறுபுறம் குறையவில்லை. பற்றிக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான முதல் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 439 கிலோஜூல் வேண்டும். முதல் ஹைட்ரஜன் போய்விட்டால் பிற யாவும் அதைவிட எளிது. ஆகவே மீத்தேனை மாற்றும் எந்த முறையையும் எடைபோட, அது முதல் ஹைட்ரஜனை எப்படிக் கழற்றுகிறது என்று கேட்டாலே போதும்.

சுடர் அதைக் கண்மூடித்தனமாகக் கழற்றுகிறது. வெப்பத்தில் பிறக்கும் உதிரித் துணுக்குகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டே செல்கின்றன. பாக்டீரியா அப்படிச் செய்வதில்லை. மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்னும் நொதியின் உள்ளறையில், உலோகத்தோடு பிணைந்து முறுக்கேறி நிற்கும் ஓர் ஆக்சிஜன் அணு மீத்தேனிலிருந்து ஒரே ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மிஞ்சிய துணுக்கு தப்பி ஓடுமுன் அதே ஆக்சிஜன் திரும்பி வந்து அதோடு ஒட்டிக்கொள்கிறது. விளைவு மெத்தனால்.

சியோலைட் செய்வதும் இதுவே. அதன் துளைச் சுவரில் செம்பு அயனிகளுக்கு நடுவே பாலமாக நிற்கும் ஆக்சிஜன் முதலில் ஹைட்ரஜனைப் பறிக்கிறது, பிறகு மிஞ்சியதைப் பற்றுகிறது. முதலில் பறித்தல், அடுத்துப் பற்றுதல் என்ற இந்த இரட்டை அசைவு புரதத்திலும் நிகழ்கிறது, கல்லிலும் நிகழ்கிறது. வளிமண்டலத்தில் மீத்தேனின் பெரும்பகுதியை அழிக்கும் ஹைட்ராக்சில் துணுக்கும் ஹைட்ரஜனைப் பறித்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஆனால் வானத்தில் இரண்டாம் அசைவுக்கு அதே ஆக்சிஜன் காத்திருப்பதில்லை. பறித்த கையே பற்றுவது உயிருக்கும் கல்லுக்கும் உரிய தனிப் பண்பு.

இரும்பும் செம்பும்

சாயலின் இரண்டாம் அடையாளம் உலோகத் தேர்வு. பாக்டீரியா இருவகை நொதிகளை வைத்திருக்கிறது. செல்லின் நீர்மத்தில் மிதக்கும் நொதியில் இரும்பு, சவ்வில் பதிந்த நொதியில் செம்பு. சியோலைட்டிலும் இருவகை உண்டு. நொவொசிபிர்ஸ்க் நகரின் போரெஸ்கோவ் வினையூக்க நிறுவனத்தில் கென்னாடி பானோவின் குழு ஆராய்ந்தது இரும்புச் சியோலைட், லூவனில் பிறந்தது செம்புச் சியோலைட். தனிம அட்டவணையில் அத்தனை உலோகங்கள் இருக்க, கோடிக்கணக்கான ஆண்டுகளின் பரிணாமமும் சில பத்தாண்டுகளின் ஆய்வுக்கூடமும் ஒரே இரண்டு உலோகங்களில் வந்து நின்றன. இரண்டும் பூமியில் தாராளமாகக் கிடைப்பவை. இரண்டும் எலெக்ட்ரான்களை எளிதில் கொடுத்து வாங்குபவை. விலையுயர்ந்த பல்லேடியம் இங்கே கட்டாயமில்லை என்பது இந்த ஒற்றுமை தரும் நடைமுறை நன்மை.

இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது, ஒன்றின் வடிவத்தை மற்றதிலும் தேடத் தோன்றுவது இயல்பு. நீர்மத்தில் மிதக்கும் நொதியின் படிக அமைப்பு 1993இல் வெளியானபோது இரண்டு இரும்பு அணுக்கள் இணையாக நிற்பது தெரிந்தது. உடனே இரும்புச் சியோலைட்டிலும் இரும்பு இணையாகவே இருக்கும் என்ற கருத்து வலுப்பெற்றது. சவ்வு நொதியின் படிக அமைப்பு 2005இல் வெளியானது. அதில் செம்பு இணை இருப்பதாகப் படிக்கப்பட்டது. அதே ஆண்டு லூவன் குழுவும் தன் சியோலைட்டில் செம்பு இணையை முன்வைத்தது. நான்கு இடத்திலும் இணைகள். படம் அழகாக நிறைவுற்றதுபோல் தோன்றியது.

நிறைவு நீடிக்கவில்லை. இரும்புச் சியோலைட்டில் வேலை செய்வது இணையன்று, தட்டையான சதுர நடுவே நிற்கும் ஒற்றை இரும்பே என்று 2016இல் லூவன், ஸ்டான்ஃபோர்டு குழுக்கள் நிறுவின. சவ்வு நொதியில் இருப்பதும் தனித்தனிச் செம்பு அணுக்களே என்று 2019இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு வந்தது. மறுபுறம், மிதக்கும் நொதியின் இரும்பு இணை அசையவில்லை. செம்புச் சியோலைட்டின் இணையும் 2009இல் ஒரே ஆக்சிஜன் பாலம் கொண்டதாகத் திருத்தப்பட்டு நிலைத்தது. மோர்டனைட் என்னும் சியோலைட் வகையில் மூன்று செம்புகள் கூடிய தொகுதியும் 2015இல் முன்வைக்கப்பட்டது. இன்றைய புரிதலின்படி, உயிரில் இரும்பு இணை, செம்பு தனி. கல்லில் செம்பு இணை, இரும்பு தனி. உலோகங்கள் அவையே, எண்ணிக்கை மட்டும் குறுக்காக மாறி நிற்கிறது. சவ்வு நொதியைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் இந்தக் குறுக்குச் சமச்சீர் ஒப்பாய்வு செய்பவருக்கு ஒரு பாடம். ஒப்புமை எங்கே தேட வேண்டும் என்று சுட்டும், எதைக் காண்போம் என்று உறுதி தராது.

இந்தத் திருத்தங்கள் பலவற்றில் ஒரே கருவிகளும் ஒரே ஆய்வாளர்களும் இருபுறமும் இருந்தது இன்னொரு ஒற்றுமை. செம்புப் புரதங்களின் நிறமாலையைப் பல்லாண்டு ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டின் எட்வர்ட் சாலமன்தான் லூவன் குழுவோடு சேர்ந்து சியோலைட்டின் செம்பையும் இரும்பையும் படித்தார். உயிரில் பழகிய கண் கல்லைப் பார்த்தது.

குறுகிய அறை

உலோகம் மட்டும் போதுமானால் செம்புத் தகடு ஒன்றே மீத்தேனை மாற்றியிருக்கும். உலோகத்தைச் சூழ்ந்த அறையும் வினையில் பங்குகொள்கிறது. நொதியில் அந்த அறையைப் புரத மடிப்புகள் அமைக்கின்றன. நீரை விலக்கும் சுவர்கள் மீத்தேனை உள்ளே அழைக்கின்றன. துணைப் புரதம் ஒன்று வந்து சேர்ந்த பிறகே வாயில் தக்க அளவில் திறக்கிறது. சியோலைட்டில் அதே அறையைச் சிலிக்காவும் அலுமினாவும் கோத்த சட்டகம் அமைக்கிறது. மோர்டனைட்டின் அகன்ற கால்வாய்களின் ஓரத்தில் எட்டு அணு வளையங்களால் ஆன சிறு பைகள் உண்டு. மீத்தேன் ஓரளவே நுழையக்கூடிய அந்தப் பைகளில்தான் செம்பு திறமையாகச் செயல்படுகிறது.

இறுக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு 2021இல் கல்லின் பக்கமிருந்து தெளிவான விடை வந்தது. இரும்பை ஏந்திய இரண்டு சியோலைட்டுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வாயில் அகன்ற வகையில், ஹைட்ரஜன் இழந்த துணுக்கு வெளியே நழுவி வேறோர் இரும்பில் ஒட்டி அதை முடக்கிவிட்டது. வாயில் குறுகிய வகையில் துணுக்கு நழுவ இடமில்லை. அதே ஆக்சிஜனோடு சேர்ந்து வெளியேறியது, இரும்பின் ஒரு பகுதி மறுபடி வேலைக்குத் தயாரானது. நொதியும் தன் மடிப்புகளுக்குள் துணுக்கைத் தப்பவிடாமல்தான் வேலையை முடிக்கிறது. புரதம் நெகிழ்ந்து செய்வதைக் கல் விறைத்து நின்று செய்கிறது. நெகிழ்வுக்கும் விறைப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தும், காவல் காக்கும் முறை ஒன்றாகவே இருக்கிறது.

மெத்தனால் என்னும் இடைநிறுத்தம்

இரண்டும் மெத்தனாலை அடைகின்றன. அங்கிருந்து அவற்றின் வழிகள் பிரிகின்றன. பாக்டீரியாவின் நொதி மெத்தனாலோடு கைகழுவிவிடும். அடுத்த நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்கும், அதற்கடுத்தது ஃபார்மேட்டாக்கும், கடைசியில் வருவது கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொரு படிக்கும் தனி ஆள், ஒவ்வொரு படியும் அளந்த படி. ஃபார்மால்டிஹைடு படியில் ஏறக்குறையப் பாதிக் கார்பன் வழிமாறி பாக்டீரியாவின் உடலாகிறது. மீத்தேனிலிருந்து கால்நடைத் தீவனப் புரதம் எடுக்க நார்வே 1990களின் இறுதியில் ஆலை அமைத்தது இந்த விலகலை நம்பித்தான்.

சியோலைட்டில் படிகள் இல்லை. வெப்பம் மிகுந்து ஆக்சிஜன் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், பிறந்த மெத்தனால் செம்பை விட்டு விலகுமுன்பே மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்று நேரே கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. மெத்தனாலை விற்பனைப் பொருளாகக் கருதிய வேதியியலாளர்களுக்கு இது நெடுங்காலத் தலைவலி. நீராவி செலுத்தி மெத்தனாலை அரைவழியில் பிடித்திழுக்க அவர்கள் படாத பாடுபட்டார்கள். காலநிலையைக் கருதுவோருக்கு அதே தோல்வி வெற்றியாகிவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டெசிரே பிளாட்டாவின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தலைகீழ்ப் பார்வையிலிருந்து பிறந்தது. மெத்தனாலைக் காப்பாற்றும் கவலையை விட்டுவிட்டால், செம்பு மோர்டனைட் 310 டிகிரியில், சுடர் பிடிக்காத அளவு நீர்த்த மீத்தேனையும் முழுமையாக மாற்றுகிறது. பத்து லட்சத்தில் இரண்டு பங்கிலிருந்து 2 விழுக்காடு வரை எந்தச் செறிவிலும் அது வேலை செய்ததாக அந்த ஆய்வு காட்டியது. உயிரைப் பின்பற்றிய வினையூக்கி என்றே அக்குழு அதை அறிமுகப்படுத்தியது.

உயிர் பல படிகளில் நிதானமாகச் செய்வதைக் கல் ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. உயிர் இடையில் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, கல் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. எனினும் அந்தப் பங்கும் நெடுநாள் நிற்பதில்லை. பாக்டீரியா மடிந்து சிதையும்போது அதன் உடலின் கார்பனில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவே காற்றுக்குத் திரும்புகிறது.

முன்பணம்

ஆக்சிஜன் மூலக்கூறை உடைத்து அதில் ஓர் அணுவை முறுக்கேற்ற விலை கொடுக்க வேண்டும். பாக்டீரியா அந்த விலையை எலெக்ட்ரான்களாகத் தருகிறது. மிதக்கும் நொதி ஒரு மீத்தேனை மாற்ற இரண்டு எலெக்ட்ரான்களைச் செல்லின் சேமிப்பிலிருந்து செலவிடுகிறது. உணவை உண்ண முதலில் கைப்பொருளைச் செலவழிக்கும் விந்தை இது. செலவு வீணாவதில்லை. மெத்தனாலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வரையிலான படிகள் எலெக்ட்ரான்களை மிகுதியாகவே திருப்பித் தருகின்றன.

சியோலைட் அதே விலையை வெப்பமாகத் தருகிறது. ஆக்சிஜனை ஏற்கச் செம்பைத் தயார்செய்யவும், பிறகு வினையைத் தொடரவும் அதைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். இந்தச் செலவும் வீணாவதில்லை. மீத்தேன் ஆக்சிஜனேற்றம் பெறும்போது எழும் வெப்பம் செலவை ஈடுகட்ட வருகிறது. எவ்வளவு ஈடுகட்டும் என்பதைச் செறிவு முடிவுசெய்கிறது. காற்றில் 1 விழுக்காடு மீத்தேன் இருந்து முழுவதும் மாறினால் அந்தக் காற்றின் வெப்பநிலை சுமார் 270 டிகிரி உயரும். அரை விழுக்காடானால் சுமார் 135 டிகிரி. வெளியேறும் சூடான காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றைச் சூடாக்கினால், இந்த உயர்வே கருவியை வெளி உதவியின்றி ஓட்டப் போதுமானதாகலாம். திறந்த வெளிக் காற்றிலோ உயர்வு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. அங்கே ஒவ்வொரு கன மீட்டரையும் சூடேற்றும் செலவு முழுவதும் வெளியிலிருந்தே வர வேண்டும்.

முன்பணம் கட்டி, பின்னால் வசூலித்து, மிச்சத்தில் வாழ்வதே இரண்டின் பொருளாதாரம். மீத்தேன் மிகவும் நீர்த்துப்போனால் இரண்டும் நொடிக்கும். இந்த ஒற்றுமையே இரண்டின் எல்லையையும் வரைகிறது. ஆனால் எல்லையைத் தாண்ட உயிர் ஒரு வழி கண்டிருக்கிறது, கல்லுக்கு அது இல்லை. நார்வேயின் டிரொம்சோ நகரில் மூடப்பட்ட குப்பைக்கிடங்கின் மேல்மண்ணிலிருந்து எடுத்து 2019இல் விவரிக்கப்பட்ட மெத்திலோகேப்சா கோர்கோனா என்னும் பாக்டீரியா, வெறும் காற்றிலுள்ள மீத்தேனைக் கொண்டே வளர்கிறது. செலவைச் சுருக்கி, மெல்ல வாழ்ந்து, காற்றிலுள்ள ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் துணை வருமானமாக எடுத்துக்கொள்கிறது. உலக நிலப்பரப்பின் மண் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 கோடி டன் மீத்தேனைக் காற்றிலிருந்து நீக்குவது இத்தகைய சிக்கன வாழ்வினால்தான். சிக்கனத்துக்கு ஈடாகப் பரப்பு வேண்டும். அது காடும் புல்வெளியுமாகப் பூமியெங்கும் விரிந்து கிடக்கிறது.

நீரும் அம்மோனியாவும்

இரண்டும் அடியோடு பிரியும் இடம் நீர். பாக்டீரியா நீரின்றி வாழாது. குப்பைமேட்டின் மேல்மண் கோடையில் வறண்டு வெடித்தால், பாக்டீரியா ஓய்ந்துபோக, வெடிப்பின் வழியே மீத்தேன் தடையின்றி மேலேறும். சியோலைட்டுக்கோ நீரே பகை. துளைகளின் சுவர் நீராவியை விரும்பிப் பற்றிக்கொள்ள, செம்பு மூடுண்டு மந்தமாகிறது. மீத்தேன் ஆக்சிஜனேற்றத்தில் நீரும் ஒரு விளைபொருள் என்பதால் கல் தன் பகையைத் தானே பிறப்பித்துக்கொண்டும் இருக்கிறது. சுரங்கக் காற்றும் கொட்டில் காற்றும் ஈரம் மிக்கவை. ஈரத்தைத் தாங்கும் சட்டகத்தைத் தேடுவது இன்று இத்துறையின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ஒன்றுக்கு உயிராகும் நீர் மற்றதற்கு முட்டுக்கட்டையாவதே இடத் தேர்வின் முதல் அளவுகோல்.

அம்மோனியாவில் உறவு இன்னும் சுவையாகப் பின்னிக்கிடக்கிறது. சவ்வு நொதியும், அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களின் நொதியும் ஒரே வம்சம். அம்மோனியா மிகுந்தால் மீத்தேன் நொதி தடுமாறி அதைப் பற்றிவிடும். மாசசூசெட்ஸின் ஹார்வர்டு காட்டில் நைட்ரஜன் உரமிட்ட மண் மீத்தேனை உறிஞ்சுவது குறைந்ததாக 1989இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. நீர் தேங்கும் நெல்வயலில் வேரோரம் கசியும் ஆக்சிஜனை நம்பி வாழும் மீத்தேன் உண்ணிகளையும் உரம் தொடுகிறது. அங்கே விளைவு இருமுனையானது. போட்டியால் தடையும் வரும், நைட்ரஜன் பசி தீர்ந்து வளர்ச்சியும் வரும். கல்லின் பக்கம் பார்த்தால், செம்புச் சியோலைட் இன்று உலகெங்கும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் வேறொரு தொழில் செய்கிறது. யூரியாக் கரைசலிலிருந்து எழும் அம்மோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்றவையாக்குகிறது. செம்பு எந்தச் சட்டகத்தில் அமர்ந்தாலும் மீத்தேனுக்கும் அம்மோனியாவுக்கும் ஒருங்கே அண்டை வீடாகவே இருக்கிறது.

செம்பின் அளவிலும் ஒரு பொருத்தம் உண்டு. பாக்டீரியா செம்புக்கு ஏங்குகிறது. சிலவகை பாக்டீரியாக்கள் மெத்தனோபாக்டின் என்னும் சிறு பெப்டைடை வெளியே அனுப்பிச் செம்பைத் தேடிப் பற்றி உள்ளே கொண்டுவருகின்றன. செம்பு கிடைக்காதபோது இருவகை நொதியும் உடைய பாக்டீரியா இரும்பு நொதிக்கு மாறிக்கொள்கிறது. ஆனால் செம்பு மிகுந்தால் அதுவே நஞ்சு. சியோலைட்டுக்கும் செம்பைக் கரைசலிலிருந்து அயனி அயனியாக ஊட்ட வேண்டும். மிகுந்தால் அது செம்பு ஆக்சைடுக் கட்டிகளாகத் திரண்டு பைகளில் அமரும் தகுதியை இழக்கிறது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. தனித்தனியே சிதறி நிற்கும் அணுதான் பயன்படும் அணு.

எந்த இடத்துக்கு எது

இனி இரண்டையும் நிலத்தில் இறக்கிப் பார்ப்போம். அரை விழுக்காடு மீத்தேன் கொண்ட சுரங்கக் காற்றில் ஒரு டன் மீத்தேனைப் பெற ஏறக்குறைய 3 லட்சம் கன மீட்டர் காற்று போதும். திறந்த வெளியில் அதே ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 80 கோடி கன மீட்டர் காற்றைத் தொட வேண்டும். முன்னதில் ஒரே குழாயில், ஒரே திசையில், விசிறி ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கும் காற்று. பின்னதில் எங்கும் பரவிய காற்று. அதைத் தள்ளும் மின்செலவே பெருஞ்சுமை.

சுரங்க வாயிலில் கல்லுக்கே முதலிடம். காற்று பெருவேகத்தில் பாய்கிறது. பாக்டீரியாப் படுகைக்கு மீத்தேனைக் கரைத்து உண்ண நிமிடக் கணக்கில் நேரம் வேண்டும். அத்தனை காற்றை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க இடம் போதாது. அங்கே சூடான பீங்கான் படுகைகளைக் கொண்டு ஏறக்குறைய 1,000 டிகிரியில் சுடரின்றி மீத்தேனை அழிக்கும் முறை ஏற்கெனவே உண்டு. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007 முதல் அது இயங்கிக் காட்டப்பட்டது. அந்த ஆயிரத்தை முந்நூறாகக் குறைத்தால் இன்னும் நீர்த்த காற்றுக்கும் கட்டுப்படியாகும் என்பதே செம்புச் சியோலைட் தரும் நம்பிக்கை.

குப்பைமேட்டில் உயிருக்கே முதலிடம். மீத்தேன் மெல்ல, பரந்த பரப்பில், ஈரத்தோடு கசிகிறது. குழாயும் இல்லை, விசிறியும் இல்லை. அங்கே மக்கிய உரம் கலந்த மேல்மண் அடுக்கொன்றை இட்டு, அது காயாமலும் இறுகாமலும் பார்த்துக்கொண்டால் பாக்டீரியா தானே வந்து குடியேறும். நன்கு மூடிப் பராமரித்த குப்பைக்கிடங்கில் மேலேறும் மீத்தேனில் 10 விழுக்காடு மேல்மண்ணில் ஆக்சிஜனேற்றம் பெறுவதாகக் கொள்ளக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை இடமளிக்கிறது. மூடாத மேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. மண்ணைச் சரியாக அமைத்தால் இதைவிடக் கூடுதலும் இயலும். நெல்வயலிலும் இதே நியாயம்தான். புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனம் இந்திய நெல்வயல்களிலிருந்து மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்திருக்கிறது. நம் பயிர்நிலங்களின் காலடியிலேயே இந்த ஆக்சிஜனேற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவை சான்று.

கொட்டிலும் திறந்த வெளியும்தான் கடினமான இடைநிலம். கொட்டிலில் காற்று திரட்டிக் கிடைத்தாலும் மீத்தேன் மிகவும் நீர்த்தது. கல்லுக்கு வெளி வெப்பம் வேண்டும், உயிருக்கு மிகுதியான பரப்பு வேண்டும். திறந்த வெளி மீத்தேனையே சியோலைட்டால் நீக்கித் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவுக்குத் திருப்பலாம் என்று 2019இல் ஆய்வாளர் ராப் ஜாக்சன் முதலியோர் முன்வைத்தார்கள். அதற்கு ஏறக்குறைய 320 கோடி டன் மீத்தேனை மாற்ற வேண்டும். அதனால் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு, உலகம் சில மாதங்களில் வெளியிடுவதற்கு ஈடு என்றும் அவர்கள் காட்டினார்கள். விளைபொருளைப் பற்றிய அவர்கள் கணக்கு தெம்பு தருகிறது. ஆனால் நாம் மேலே கண்ட, டிகிரியில் இருபதில் ஒரு பங்கும் 80 கோடி கன மீட்டரும், கல் அந்த வேலையைத் தனியே சுமக்க இன்னும் வெகுதூரம் செல்ல வேண்டும் என்பதைக் காட்டுகின்றன.

கார்பன் டை ஆக்சைடில் முடிவது எப்படி நன்மையாகும் என்ற ஐயத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஒரு டன் மீத்தேன் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் அந்த ஒரு டன்னின் கேடு 80 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மாற்றிய பின் நூற்றில் மூன்று நான்கு பங்கே மிஞ்சுகிறது. அந்த மிச்சமும் புதிதாகச் சேர்ந்ததன்று. விட்டுவைத்திருந்தாலும் ஹைட்ராக்சில் பத்தாண்டு அளவில் அதே மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடாகத்தான் ஆக்கியிருக்கும். உயிரும் கல்லும் செய்வது, வரவிருந்த முடிவை முன்கூட்டியே வரவழைத்து, இடையில் நேரவிருந்த வெப்பத்தைத் தவிர்ப்பதுதான். கசிவையே அடைக்க முடிந்த இடத்தில் அடைப்பதே இரண்டையும் விடச் சிறந்தது. அடைக்க முடியாத இடங்கள்தான் இவற்றின் களம்.

இரண்டையும் ஒருசேர எடைபோட்ட பின், எது மேல் என்ற கேள்வி பொருளிழந்துவிடுகிறது. வினையின் மையத்தில் இரண்டும் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. எளிய உலோகம், முறுக்கேறிய ஓர் ஆக்சிஜன், துணுக்கைத் தப்பவிடாத குறுகிய அறை. மையத்தைச் சூழ்ந்துள்ள எல்லாவற்றிலும் அவை எதிரெதிராக நிற்கின்றன. ஈரமும் வறட்சியும், நிதானமும் வேகமும், எலெக்ட்ரானும் வெப்பமும். மையம் ஒன்றாக இருப்பதால் ஒன்றிடமிருந்து மற்றது கற்றுக்கொள்ள முடிகிறது. சுற்றுப்புறம் எதிரெதிராக இருப்பதால் ஒன்றின் இடத்தை மற்றது பறிக்க வேண்டியதில்லை. ஆகவே மீத்தேன் கசியும் எந்த இடத்திலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு செறிவு, எவ்வளவு ஈரம், எவ்வளவு வேகம். சுரங்க நிர்வாகமும் குப்பைக்கிடங்கை நடத்தும் நகராட்சியும் இந்த மூன்றையும் அளந்து வைத்திருந்தால், உயிரா கல்லா என்பதை அந்த அளவுகளைக் கொண்டே முடிவுசெய்துவிடலாம்.